நடுவயதுப் பெண்களுக்கான சத்து மாத்திரைகள்: தேவையையும் தரத்தையும் பயனையும் சோதித்துப் பார்க்கும் முறை

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நீலகிரியின் எந்தக் கடைவீதிக்குச் சென்றாலும், நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்கென்றே விற்கப்படும் சத்து மாத்திரைகளையும் மாவு டப்பாக்களையும் இன்று காணலாம். சுய உதவிக் குழுவில் உடனிருப்பவர் கொண்டுவந்து தந்ததையும், வெளியூரில் இருக்கும் மகளோ மகனோ இணையத்தில் வாங்கி அனுப்பியதையும் நம்பிச் சாப்பிடுபவர்கள் பலர். மூட்டு வலி, தூக்கமின்மை, உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டுவது, முடி உதிர்வது, மறதி ஆகிய எல்லாவற்றையும் ஒரே டப்பா தீர்க்கும் என்று அதன்மேல் எழுதியிருக்கும். அப்படி ஒன்று கைக்கு வரும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். என் உடலுக்கு இது தேவைதானா? டப்பாவின்மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? சாப்பிட்டதால் உண்மையில் பயன் கிடைத்ததா? இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராகச் சாப்பிட்டுப் பார்ப்பவருக்கு, ஆறு மாதம் கழித்தும் உறுதியான விடை ஒன்றும் கிடைக்காது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. அப்படி நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், மேடு ஏறும்போது நெஞ்சு அடைத்தாலும் எந்தச் சத்து மாத்திரையையும் சோதித்துக் கொண்டிருக்கக் கூடாது; உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், சோயாவிலிருந்து எடுக்கப்படும் ஐசோஃபிளேவோன் போன்றவற்றைத் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட்டால், கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை நமக்குத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும். களைப்புக்கும் முடி உதிர்வுக்கும் தைராய்டுக் குறைவு காரணமாக இருக்கையில், பல மாதங்கள் பயோட்டின் என்ற முடிக்கான வைட்டமின் மாத்திரையைச் சாப்பிடுவதால் காலம்தான் வீணாகும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. கால் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் விளைவு என்று மட்டும் எண்ணிவிடாமல் அவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

மலையில் வாழ்பவர்கள் ஹீமோகுளோபின் அறிக்கையைப் படிக்கும் முறை சற்று வேறானது. இதைப் பரிசோதனைக்கூட அறிக்கைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. உயரம் கூடக்கூட மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால், உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இரத்தசோகை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, கடல் மட்டத்தில் வாழ்பவர்களுக்கு உரியது. 2,000 மீட்டருக்கு மேல் வாழ்பவர்கள் தங்கள் எண்ணிலிருந்து குறைந்தது 1.4 கிராமைக் கழித்துவிட்டுத்தான் அந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஒருவருக்கு 12.4 என்று வந்தால், தாளில் அது சரியான அளவாகத் தோன்றும். கழித்துப் பார்த்தால் 11.0 ஆகி, இரத்தசோகைக்குள் வந்துவிடும். ஆகவே இங்கே ஹீமோகுளோபினை மட்டும் நம்பாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. காய்ச்சலோ உடலில் அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடல் நலமாக இருக்கும் நாளில் இரத்தம் கொடுக்க வேண்டும்.

இரத்தசோகை என்று தெரிந்தவுடன் இரும்புச் சத்து டப்பாவை வாங்குவதற்கு முன், நீலகிரியின் பழங்குடிப் பெண்கள், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு 1952-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். அந்த நோயால் வரும் சோகைக்கு இரும்புக் குறைவு காரணமாக இல்லாதபோது, இரும்பு மாத்திரை பயன் தராமல் உடலில் தேங்கித் தீங்கு செய்யும். மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும். மாதந்தோறும் ஏற்பட்ட இழப்பு நின்றபின் இரும்புத் தேவை குறைந்துவிடுகிறது. அப்போதும் குறைவு தொடர்ந்தால், குடலிலோ வேறெங்கோ இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை மலைக்கு இரண்டு முகம் உண்டு. உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் வலுவானது. ஆனால் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையும், அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும், அவற்றோடு வரும் மூடுபனியும், குளிருக்காகக் கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடும் ஸ்வெட்டரும் சேர்ந்து அந்தக் கதிரைத் தோலுக்கு எட்டவிடாமல் செய்கின்றன. அதனால் மழை ஓயும் நேரத்தில் எடுத்த அளவையும், கோடை வெயிலுக்குப் பின் எடுத்த அளவையும் ஒப்பிட்டு மாத்திரை வேலை செய்தது என்று முடிவு கட்டக் கூடாது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மருந்து தொடங்கி மூன்று மாதங்கள் ஆவதற்குள் மறுபரிசோதனை செய்வதில் பொருளில்லை. இங்கே மிக வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியது, வாரம் ஒன்று வீதம் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டுவிடும் தவறு. இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி உயர்ந்து, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை அது கொண்டுபோய் விடும். சீட்டில் எழுதியதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, சாப்பிட வேண்டிய நாட்களை நாட்காட்டியில் குறித்து வைப்பது கட்டாயம்.

கால்சியத்துக்கு மட்டும் இரத்தப் பரிசோதனை உதவாது. உணவில் கால்சியம் குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தின் அளவை உடல் சரியாக வைத்துக்கொள்ளும் என்பதால், அறிக்கை எப்போதும் நன்றாகவே இருக்கும். ஆகவே சாப்பாட்டைக் கணக்கிட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தந்த பரிந்துரை. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. 400 மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ 480. காலையில் ராகிக் களியும், பாலும் தயிருமாக இரண்டு தம்ளரும், கீரையும் அவரையும் சேர்ந்த மதிய உணவும் சாப்பிடும் ஒருவருக்கு ஏறத்தாழ 900 மில்லிகிராம் உணவிலேயே வந்துவிடுகிறது. மீதிக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையே மிகுதி. இரண்டு சாப்பிடக் காரணமில்லை. குளிரில் தண்ணீர் குடிக்க மறப்பவர்களும், தேயிலைத் தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பவர்களும், சிறுநீரகக் கல்லைக் கருதி இந்தக் கணக்கைக் கண்டிப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத குறையை எந்த மாத்திரையாலும் ஈடுசெய்ய முடியாது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தேவை உறுதியானபின் டப்பாவைக் கையில் எடுக்கலாம். இந்தியாவில் உணவு வகையாக விற்கப்படும் சத்து மாத்திரைகளுக்கான விதிமுறைகள் 2016-இல் வகுக்கப்பட்டு, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 14 இலக்க உரிம எண்ணும், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உரியதன்று என்ற வாசகமும் மேலுறையில் இருக்க வேண்டும். உரிம எண்ணை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் இணையதளத்தில் இட்டு, அந்த நிறுவனத்தின் பெயர் வருகிறதா, உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இந்த எண் இருக்காது. அவற்றுக்கு மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். இரண்டுமே இல்லாமல் வெறும் கைப்பேசி எண்ணோடு வரும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உணவு உரிமத்தில் விற்கும் ஒன்று மூட்டுவாதத்தையோ நீரிழிவையோ குணமாக்கும் என்று எழுதியிருந்தால் அது விதிமீறல். அந்த ஒரு வரியே அதை வாங்காமல் இருக்கப் போதுமான காரணம்.

பிறகு அளவைப் படிக்க வேண்டும். 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று அச்சிட்டிருந்தால், அதிலிருந்து கிடைக்கும் கால்சியம் 500 மில்லிகிராம்தான். கார்பனேட்டில் பத்தில் நான்கு பங்கும், சிட்ரேட்டில் ஐந்தில் ஒரு பங்கும்தான் கால்சியம். முப்பது மூலப்பொருள்களின் பெயரைப் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாமல் மொத்த எடையை மட்டும் தரும் கலவையைச் சோதிக்கவே முடியாது. நன்மை வந்தாலும் தீமை வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாததால், இத்தகைய கலவைகளைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. சாதாரணக் கால்சியம் கார்பனேட் மாத்திரையை ஒரு சிறு கிண்ணம் வினிகரில் போட்டு, அவ்வப்போது கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கரையாமல் கல்லாகவே கிடந்தால் வயிற்றிலும் அது சரியாகக் கரைவது ஐயமே. குடலில் கரைவதற்கென்று மேற்பூச்சு இட்ட மாத்திரைகளுக்கு இது பொருந்தாது. ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் கலந்திருப்பதையும் இது காட்டாது. அவற்றை அறிய ஆய்வுக்கூடம் வேண்டும். ஒரே தயாரிப்பைப் பலர் சேர்ந்து வாங்கும் மகளிர் குழுக்கள், வாங்கும் முன்பே அந்தத் தொகுதி எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றை நிறுவனத்திடம் கேட்கலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்க இடமளிக்கிறது. ஆய்வுக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரக்குறைவு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீலகிரிக்கு அருகில் கோயம்புத்தூரில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

மழைக்காலத்தில் வீட்டுச் சுவரே வியர்க்கும் ஊர்களில், காப்ஸ்யூல்கள் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்வதும் மாத்திரைகள் பொரிந்து போவதும் இயல்பு. மூடி இறுக்கமான டப்பாவிலேயே, அதனுள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பையை எடுக்காமல், விறகடுப்பின் சூடு படாத அலமாரியில் வைக்க வேண்டும். மீன் எண்ணெய்க் காப்ஸ்யூலில் ஒன்றை வெட்டி முகர்ந்து பார்த்து, சிக்கு வாடை வந்தால் எறிந்துவிட வேண்டும்.

விளம்பரங்கள் ஆய்வுகளைச் சான்றாகக் காட்டும்போது, அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார், அளந்தது எதை என்று கேளுங்கள். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 36,282 பெண்களிடம் நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடியது. இடுப்பெலும்பு முறிவோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது. அடர்த்தி கூடியதை மட்டும் அச்சிட்டால் அது வெற்றியாகத் தோன்றும். 25,871 பேரிடம் நடந்த வைட்டல் என்னும் ஆய்வில் நாளொன்றுக்கு 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் குறைபாடு உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்படவில்லை. பெண்கள் அனைவரும் 55 வயதுக்கு மேற்பட்டவர்கள். குறைவு இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் பயன் சிறிதே என்பதை இவை சொல்கின்றன; குறைவு உள்ளவருக்குக் கொடுப்பதை இவை மறுக்கவில்லை. இந்தியாவில் சோதித்ததாக ஒரு நிறுவனம் சொன்னால், 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் அதன் பதிவு எண் இருக்கிறதா என்று எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

இனி உங்கள் உடலிலேயே சோதிக்கும் பகுதி. கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் 49 வயதுப் பெண் ஒருவர், இரவில் சூடும் வியர்வையும் வந்து தூக்கம் கலைவதற்காக ஐசோஃபிளேவோன் மாத்திரையைச் சோதிக்க நினைக்கிறார் என்று கொள்வோம். மாத்திரையைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரங்கள், ஒவ்வொரு காலையும் முந்தைய இரவு எத்தனை முறை விழித்தார், சூடு எத்தனை முறை வந்தது, அதன் கடுமை லேசா நடுத்தரமா கடுமையா என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். லேசுக்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடுமைக்கு 3 என்று கூட்டினால் நாளுக்கு ஓர் எண் கிடைக்கும். பிறகு பன்னிரண்டு வாரங்கள் மாத்திரை, அதன்பின் நான்கு வாரங்கள் நிறுத்தம், நோட்டு எழுதுவது மட்டும் இடைவிடாமல். நிறுத்தும் நாளைத் தொடங்கும்போதே முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நன்றாக இருக்கும் நாட்களில் நிறுத்த மனம் வராது. இந்தக் காலத்தில் வேறு புதிய மாத்திரை, புதிய உணவுக் கட்டுப்பாடு எதையும் சேர்க்கக் கூடாது.

நிறுத்திப் பார்ப்பதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. உடம்பு குப்பென்று சூடாகும் தொல்லைக்கான ஆய்வுகளில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களுக்கும் தொல்லை 20 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது. போலியான நோயால் அவர்கள் துன்பப்பட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எதிர்பார்ப்பும், நாள் செல்லச் செல்லத் தானே தணிவதும் சேர்ந்து அப்படிச் செய்கின்றன. மலையில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. மூட்டு வலி மிகுந்த ஜூலை மழையில் ஒரு மாத்திரையைத் தொடங்கி, மார்ச் வெயிலில் வலி குறைந்தால், பெருமை மாத்திரைக்குப் போய்விடும். ஆகவே மூட்டு வலிக்கான சோதனையை ஒரே பருவத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த ஆண்டு அதே மாதங்களின் குறிப்போடு ஒப்பிட வேண்டும்.

தூக்கத்துக்கான மெக்னீசியம் போல விரைவில் விளைவு தெரியக்கூடியவற்றை இன்னும் கறாராகச் சோதிக்கலாம். வெற்றுக் காப்ஸ்யூல்களில் அரிசி மாவை நிரப்பி, உண்மையான காப்ஸ்யூல்களோடு உருவம் ஒத்திருக்குமாறு இரண்டு டப்பாக்களில் வீட்டிலுள்ள ஒருவர் போட்டு, எது எது என்பதைத் தாம் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு டப்பா என்று மாற்றி மாற்றி நான்கு சுற்று முடிந்தபின் நோட்டையும் அந்த எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நோயாளியிடம் நடத்தும் இத்தகைய சோதனையை 1980-களிலிருந்தே மருத்துவர்கள் பயன்படுத்தி வருகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மெக்னீசியத்தை இப்படிச் சோதிக்கக் கூடாது.

எலும்புக்கும் தசைக்கும் உரியவற்றில் உடல் உணர்வு எதையும் சொல்லாது. எலும்பு அடர்த்தியை டெக்சா கருவியில் அளந்தபின், ஓராண்டுக்குள் திரும்ப அளப்பது பயனற்றது. மாற்றம் கருவியின் பிழைக்குள் மறைந்துவிடும். தசைக்கு வீட்டிலேயே அளவுகோல் இருக்கிறது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளவிடுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைவு என்று ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் வகுத்தது. புரத மாவு சாப்பிடுபவர்கள் இந்த எண்ணை மாதம் ஒருமுறை, இலை பறித்துக் களைத்த மாலையில் அல்லாமல் காலையில், ஒரே நாற்காலியில் எடுக்க வேண்டும். புரத மாவு மட்டும் சாப்பிட்டுத் தசைக்கு வேலை கொடுக்காதவர்களுக்கு இந்த எண் பெரும்பாலும் மாறாது.

சாப்பிடும் நேரம் தவறினால் நல்ல மாத்திரையும் தோற்றதாகத் தெரியும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் கூடாது. தேயிலையின் டானின் இரும்பை உடலில் சேரவிடாது. கால்சியத்தையும் இரும்பையும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இவ்விரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். கால்சியம் கார்பனேட்டை உணவோடும், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமலும் எடுத்துக்கொள்ள வேண்டும். பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே அதை நிறுத்திவிட்டு, ஆய்வுக்கூடத்திலும் சொல்ல வேண்டும். தைராய்டு முடிவும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் முடிவும் அதனால் தவறாக வரக்கூடும். தசை வலுவுக்கென்று விற்கப்படும் கிரியேட்டின் மாவு, சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கிரியாட்டினின் எண்ணை உயர்த்திக் காட்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், எந்தப் புதிய மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது.

அசுவகந்தா, மிளகுச் சாறு சேர்த்துச் செறிவூட்டிய மஞ்சள், செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சமையலில் போடும் மஞ்சளுக்கும் நாம் குடிக்கும் தேநீருக்கும் இந்த அச்சம் வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரைக்கே இது பொருந்தும். இவற்றில் ஒன்றைச் சாப்பிடும்போது சிறுநீர் அடர் மஞ்சளாகவோ, கண் மஞ்சளாகவோ, காரணமில்லாத அரிப்பாகவோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மாத்திரை டப்பாவையும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முன்பே, எந்த நாளில் தொடங்கினீர்கள், நாளொன்றுக்கு எத்தனை, உடன் சாப்பிட்டவை எவை என்று சொல்லுங்கள். டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்க, தொகுதி எண்ணோடு கூடிய அந்த உறையும், மீதமுள்ள மாத்திரைகளும், வாங்கிய ரசீதும் தேவைப்படும்.